இ-ஆன்டிஜன் நெகட்டிவ், ஆனாலும் கல்லீரல் புற்றுநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

47 வயது ஆண். வலது விலாவுக்குக் கீழே இரண்டு மாதமாக ஒரு கனம் இருப்பதாகச் சொல்லி வந்தார். வலி என்று சொல்லும்படி இல்லை. பசியிலும் எடையிலும் மாற்றமில்லை, மஞ்சள் காமாலை இல்லை, வயிற்றில் நீர்க்கோவை இல்லை, மதுப் பழக்கமும் இல்லை. ஸ்கேனில் கல்லீரலின் ஆறாம் பகுதியில் 3.4 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது.

"எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியும் டாக்டர். ஆனால் இ-ஆன்டிஜன் நெகட்டிவ், வைரஸ் தூங்குகிறது, பயமில்லை என்றுதானே சொல்லியிருந்தார்கள்?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இ-ஆன்டிஜன் என்பது வைரஸ் பெருகும்போது இரத்தத்தில் விடும் ஒரு புரதம். கீழே வருவது பெரும்பாலும் அதற்கான பதில்தான்.

இந்த நோயாளி ஒரு தனி மனிதர் அல்லர். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களிடம் அடிக்கடி காணும் கூறுகளைச் சேர்த்து, கற்பிப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. இடையில் குறிப்பிடப்படும் ஆய்வுகளும் அவற்றின் எண்களும் வெளியானவை.

பழைய கோப்பு

29 வயதில் இரத்ததானம் செய்யப் போனபோது, தொற்று இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜன் பாசிட்டிவ் என்று தெரியவந்தது. பிறகு பரிசோதித்ததில் தாய்க்கும் பாசிட்டிவ். எனவே தொற்று பிறப்பின்போதோ அதையொட்டியோ வந்திருக்க வேண்டும். பிறந்த முதல் ஆண்டில் இந்த வைரஸ் தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளிடம் அது நிலைத்துவிடும். பெரியவர்களான பிறகு தொற்றினால் நிலைப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. அண்ணன் 51 வயதில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர். இந்த ஒரு வரி கோப்பில் எல்லா வருகைகளிலும் எழுதப்பட்டிருந்தது. ஒரு முடிவில்கூட அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதற்கான அடையாளம் இல்லை.

33 வயதில் இ-ஆன்டிஜன் மறைந்து, அதற்கு எதிரான ஆன்டிபாடி தோன்றியது. "தூங்குகிறது" என்ற சொல் அப்போது வந்ததுதான். அதன் பிறகு, கல்லீரல் செல்கள் சேதமடையும்போது இரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. நொதியின் அளவுகள் இப்படி: 34 வயதில் 28, 36இல் 61, 37இல் 33, 39இல் 88, 40இல் 36, 42இல் 74. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் பரிசோதனையே இல்லை. வைரஸ் டி.என்.ஏ. ஒரே ஒரு முறை, 39 வயதில் பார்க்கப்பட்டது: மி.லி.க்கு 42,000 சர்வதேச அலகுகள். தட்டணுக்கள் அப்போது 1,88,000. அந்தப் பக்கத்தின் கீழே "மருந்து தேவையில்லை, ஓராண்டு கழித்துப் பார்க்கலாம்" என்ற குறிப்பு.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு சித்திரம் தெரிகிறது. இ-ஆன்டிஜன் போன பிறகு ஏ.எல்.டி. அடங்கி, டி.என்.ஏ. 2,000 அலகுக்குக் கீழே இறங்கி, இரண்டும் அங்கேயே நின்றால்தான் வைரஸ் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். இவரிடம் ஏ.எல்.டி. ஏறி இறங்கி ஏறியது. இயல்பு என்று பதிவான ஒவ்வொரு முடிவும் அதற்கு முந்தைய ஏற்றத்தை மறக்கடித்தது. இது இ-ஆன்டிஜன் நெகட்டிவ் நாள்பட்ட கல்லீரல் அழற்சி. இந்த வகையில் ஏற்ற இறக்கம்தான் வழக்கமான போக்கு.

பரிசோதனைகள்

ஏ.எல்.டி. 72, பிலிரூபின் 0.9, ஆல்புமின் 4.1, தட்டணுக்கள் 1,62,000. வைரஸ் டி.என்.ஏ. 2,10,000 அலகுகள். ஹெபடைட்டிஸ் சி, டி, எச்.ஐ.வி. மூன்றும் இல்லை. கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபியில் 9.6 கிலோபாஸ்கல்.

கல்லீரல் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் 18. எச்சரிக்கை எல்லையாகப் பலரும் வைத்திருக்கும் 20ஐ அது தொடவில்லை. இந்த இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் கட்டி இன்னும் சில மாதங்கள் ஒளிந்தே வளர்ந்திருக்கும். சிறிய கட்டிகளில் இது இயல்பாக இருப்பது அபூர்வமே அல்ல.

சி.டி. ஸ்கேனில் தமனிக் கட்டத்தில் கட்டி பளிச்சென்று எடுத்துக்காட்டியது. பிந்தைய கட்டத்தில் சுற்றியுள்ள திசுவைவிட மங்கிப்போனது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள பெரியவரிடம் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா, அதாவது கல்லீரல் செல்களிலேயே தோன்றும் புற்றுநோய் என்று முடிவு செய்ய ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டியதில்லை. இரத்தக் குழாய்களில் பரவல் இல்லை, கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியதற்கான அறிகுறிகளும் இல்லை. கட்டியை வெட்டி எடுப்பதென்று முடிவாயிற்று. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் எண்டெகாவிர் மாத்திரை உடனே தொடங்கப்பட்டது.

திசு அறிக்கை

மிதமாக வேறுபாடடைந்த கட்டி. நுண் இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவல் இல்லை, வெட்டிய விளிம்பு சுத்தம். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கட்டிக்கு வெளியே இருந்த திசு. மெட்டாவிர் அளவுகோலில் இழைநார் வளர்ச்சி எஃப்3. அதாவது கல்லீரல் முழுவதும் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் இல்லை. ஹெபடைட்டிஸ் சி-யில் புற்றுநோய் பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகத்தான் வருகிறது. ஹெபடைட்டிஸ் பி-க்கு அந்தப் படி கட்டாயமில்லை. சிரோசிஸ் வரட்டும், அப்புறம் ஆறு மாத ஸ்கேன் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று: கட்டிக்கு வெளியே, வைரஸின் மேற்பரப்புப் புரதம் உள்ளே நிரம்பி, நுண்ணோக்கியில் மங்கிய கண்ணாடிபோல் தெரியும் செல்கள். ஆங்காங்கே சிதறி இருந்திருந்தால் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம். இவை கொத்துக் கொத்தாக இருந்தன. இதைப் பார்த்த பிறகுதான் சேமித்து வைத்திருந்த இரத்தத்தில் வைரஸின் மரபணு வரிசையைப் படிக்க அனுப்பினோம்.

வைரஸின் வரிசையில் கண்டவை

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபணுத் தொகுதி வெறும் 3,200 எழுத்துகள்தான். இந்தச் சிறிய வளையத்துக்குள் நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிரிமொழிச் சிலேடையில் ஒரே எழுத்துத் தொடர் பிரிக்கும் இடத்தைப் பொறுத்து வேறு பொருள் தருவதுபோல, இங்கே ஒரே வரிசை தொடங்கும் இடத்தைப் பொறுத்து வேறு புரதத்தைத் தருகிறது. மேற்பரப்புப் புரதத்தின் மரபணு முழுவதும் பாலிமரேஸ் மரபணுவின் மேலேயே கிடக்கிறது. எனவே ஓர் எழுத்து மாறினால் இரண்டு புரதங்கள் மாறக்கூடும். இந்த ஆய்வில் வரும் திடீர்மாற்றங்களில் பாதியின் கதை இதுதான்.

மாற்றங்கள் குவிவதற்குக் காரணம், இந்த வைரஸ் டி.என்.ஏ. வைரஸாக இருந்தும் ஆர்.என்.ஏ. வழியாகச் சென்று தலைகீழ்ப் படியெடுப்பின் மூலம் பெருகுகிறது. அந்த நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது. தீவிரமாகப் பெருகும் ஒருவரின் உடலில் ஒரு நாளில் உருவாகும் வைரஸ் துகள்கள் பத்தாயிரம் கோடிக்கு மேலும் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நாற்பது ஆண்டுத் தொற்றில் எல்லா எழுத்திலும் பிழை நடந்திருக்கும்; எது தங்கியது என்பதுதான் கேள்வி.

இந்த வைரஸின் பல மரபணு வகைகளில் இவரிடம் இருந்தது சி வகை. தங்கியிருந்தவை நான்கு.

முதலாவது, மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற அடிப்படை கோர் புரமோட்டர் பகுதியில் இரட்டை மாற்றம்: ஏ1762டி (1762ஆம் இடத்தில் ஏ என்ற எழுத்து டி ஆனது), ஜி1764ஏ. இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இவை இ-ஆன்டிஜனுக்கான ஆர்.என்.ஏ. உற்பத்தியைக் குறைக்கின்றன, வைரஸ் பெருகுவதைத் தடுப்பதில்லை. அதே எழுத்துகள் எக்ஸ் மரபணுவின் வாலிலும் வருவதால் எக்ஸ் புரதத்தின் 130ஆம் இடத்தில் லைசின் மெத்தியோனினாகவும், 131ஆம் இடத்தில் வேலின் ஐசோலூசினாகவும் மாறுகின்றன. எக்ஸ் புரதம் செல்லின் எஸ்.எம்.சி.5/6 என்ற காவல் அமைப்பைச் சிதைத்து வைரஸ் டி.என்.ஏ.வை இயங்கச் செய்வது என்பது 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த அமைப்புக்கு நம் சொந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பதிலும் பங்கு உண்டு.

இரண்டாவது, டி1753சி. அதே பகுதி, அதே எக்ஸ் புரதம். இரட்டை மாற்றம் ஏற்கனவே இருக்கும் வைரஸ்களில் பின்னால் வந்து சேருவது இதன் வழக்கம்.

மூன்றாவது, மேற்பரப்புப் புரத மரபணுவின் ப்ரீ-எஸ்2 பகுதியில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. வைரஸ்கள் எல்லாவற்றிலும் அல்ல, ஒரு பகுதியில். திசுவில் பார்த்த கொத்துகளுக்கு இதுதான் விளக்கம். துண்டு போன பெரிய மேற்பரப்புப் புரதம் வெளியேற முடியாமல், செல்லுக்குள் புரதங்களைத் தயாரித்து அனுப்பும் எண்டோபிளாச வலைப்பின்னலில் தேங்குகிறது. தேக்கம் செல்லுக்கு நெருக்கடியைத் தருகிறது, ஆக்சிஜனேற்றச் சேதம் டி.என்.ஏ.வைத் தொடுகிறது, பெருகச் சொல்லும் சமிக்ஞைகள் கூடுகின்றன. நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படும் சில பகுதிகள் அந்தத் துண்டோடு போய்விடுவதால் இந்தச் செல்கள் தாக்குதலுக்கும் தப்புகின்றன. தப்பித்து, சேதமடைந்து, பெருகும் செல் கூட்டம். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று இவற்றைக் கருதுபவர்களோடு நான் உடன்படுகிறேன்.

நான்காவது, ஜி1896ஏ. டிரிப்டோபேனுக்கான குறியீடு நிறுத்தக் குறியீடாக மாறி இ-ஆன்டிஜன் பாதியிலேயே அறுந்துவிடும். இவரிடம் இயல்பான வைரஸும் இந்த மாற்றம் கொண்டதும் கலந்திருந்தன.

அவர் கேள்விக்கான நேரடிப் பதில் இங்கே இருக்கிறது. இ-ஆன்டிஜன் இல்லாமல் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வைரஸ் அடங்கிப் போவது ஒன்று. வைரஸ் அதே வேகத்தில் பெருகிக்கொண்டே அந்தப் புரதத்தைச் செய்வதை மட்டும் குறைப்பது அல்லது நிறுத்துவது இன்னொன்று. பரிசோதனைத் தாளில் இரண்டும் ஒரே மாதிரி "நெகட்டிவ்" என்றுதான் வரும். பிரித்துக் காட்டுவது டி.என்.ஏ. அளவு. அது 39 வயதில் 42,000 என்று சொல்லியிருந்தது.

காரணமா, விளைவா?

இந்த நான்கில் எது புற்றுநோய்க்குக் காரணம் என்று கேட்டால் நான் தயங்குவேன். கோர் புரமோட்டர் மாற்றம் வயதோடும், நோயெதிர்ப்பு அமைப்போடு நடந்த நீண்ட போராட்டத்தோடும் சேர்ந்து கூடுகிறது. புற்றுநோயும் அப்படியே. இரண்டும் ஒரே பழைய அழற்சியின் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

2009இல் 43 ஆய்வுகளை, 11,500க்கும் மேற்பட்டவர்களின் தரவோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கோர் புரமோட்டர் இரட்டை மாற்றம் உள்ளவர்களிடம் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு விகிதம் 3.8, ப்ரீ-எஸ் மாற்றங்களுக்கும் ஏறத்தாழ அதேதான். டி1753க்கு 2.35. 1896க்குத் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆனால் சேர்க்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் வந்த பிறகு இரத்தத்தைப் பார்த்த ஆய்வுகள்.

முன்கூட்டியே இரத்தம் எடுத்து வைத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது தைவானின் ரிவீல் ஆய்வு. அதன் 2008ஆம் ஆண்டு அறிக்கையில், வைரஸ் அளவையும் பிற காரணிகளையும் கணக்கில் எடுத்த பிறகு, இரட்டை மாற்றத்தின் கூடுதல் அபாயம் சுமார் 1.7 மடங்கு. 3.8க்கும் 1.7க்கும் இடையிலான இந்த இடைவெளியைத்தான் நான் மாணவர்களுக்குக் காட்டுவேன். கணக்கிட்ட முறைகள் வேறு என்பது உண்மைதான். இருந்தும், நோயோடு சேர்ந்து வளர்ந்த பங்கைக் கழித்துவிட்டாலும் மாற்றத்துக்கென்று தனிப் பங்கு ஒன்று மிஞ்சுகிறது என்றே இதை வாசிக்கிறேன். அந்தப் பங்கு முதலில் தெரிந்த அளவுக்குப் பெரியதல்ல. இன்னொரு வியப்பும் அதே அறிக்கையில் உண்டு: 1896 மாற்றம் உள்ளவர்களிடம் அபாயம் கூடவில்லை, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இ-ஆன்டிஜனைப் பறிக்கும் இரண்டு மாற்றங்களில் ஒன்று ஒரு திசையிலும் மற்றது எதிர்த் திசையிலும் காட்டுகிறது. இ-ஆன்டிஜன் இல்லாமையே ஆபத்து என்று எளிமைப்படுத்தவும் முடியாது.

ரிவீல் குழுவின் 2006ஆம் ஆண்டு ஆய்வைப் பக்கத்தில் வைத்தால் எல்லாம் அளவுக்கு வந்துவிடும். 3,653 பேரில், மி.லி.க்கு 300 பிரதிகளுக்குக் கீழே வைரஸ் இருந்தவர்களிடம் பின்தொடர்ந்த காலம் முழுவதிலும் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் திரள் விகிதம் 1.3 சதவீதம், பத்து லட்சத்துக்கு மேல் இருந்தவர்களிடம் 14.9 சதவீதம். அபாயம் தெளிவாக ஏறத் தொடங்குவது 10,000 பிரதிகளில், அதாவது சுமார் 2,000 சர்வதேச அலகுகளில். இன்று நாம் வைத்திருக்கும் 2,000 என்ற எல்லைக்கு இதுதான் பெரிய ஆதாரம்.

எக்ஸ் புரதத்தையும் ப்ரீ-எஸ் துண்டையும் விட்டுவிட்டாலும் வைரஸுக்கு வேறொரு பாதை இருக்கிறது: தன் டி.என்.ஏ. துண்டுகளை நம் குரோமோசோம்களில் செருகிவிடுவது. ஹெபடைட்டிஸ் பி-யால் வந்த கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இது காணப்படுகிறது. செல்கள் ஓயாமல் பெருக உதவும் டெலோமரேஸ் நொதியை ஆளும் டெர்ட் மரபணுவின் அருகே திரும்பத் திரும்பச் செருகல் நடந்திருப்பதை 2012இல் முழு மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் காட்டினார்கள். இவரது கட்டியில் அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. அஃப்லாடாக்சின் நஞ்சுக்கு ஆளானவர்களிடம் பி53 மரபணுவின் 249ஆம் குறியீடு மாறுவது இன்னொரு தனிப் பாதை. அதுவும் இங்கே பார்க்கப்படவில்லை.

மருந்தே தூண்டும் திடீர்மாற்றங்களும் உண்டு. பழைய வைரஸ் எதிர்ப்பு மருந்தான லாமிவுடின் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் கொடுத்த காலத்தில் ஐந்து ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் பேரிடம் எதிர்ப்பு உருவானது. அந்த வகைகளில் ஒன்று பாலிமரேஸின் 181ஆம் இடத்தில் வரும் ஏ181டி. மேலே சொன்ன அடுக்கல் காரணமாக அதே எழுத்து மாற்றம் மேற்பரப்புப் புரதத்தை 172ஆம் இடத்தில் அறுத்துவிடக்கூடும். அறுந்த புரதம் செல்லுக்குள் தேங்கும், புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. எண்டெகாவிர், டெனோஃபோவிர் காலத்தில் இது அரிது. ஆனால் பழைய சிகிச்சை வரலாறு உள்ள ஒருவர் வந்தால் எந்த மருந்து, எத்தனை ஆண்டு என்று கேட்காமல் விடக்கூடாது. நம் நோயாளி எந்த மருந்தும் எடுத்ததில்லை.

39 வயதில் என்ன தெரிந்திருந்தது

அன்றைய முடிவைக் குறை சொல்வது எளிது. ஏ.எல்.டி. இயல்பின் இரு மடங்கைத் தாண்டி நிலையாக நிற்க வேண்டும் என்று பல வழிகாட்டிகள் கேட்ட காலம் அது; இவருடையது 88 வரை போய் அடுத்த ஆண்டு 36க்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி இந்தக் கதவை அகலமாகத் திறந்திருக்கிறது. டி.என்.ஏ. 2,000க்கு மேல், ஏ.எல்.டி. இயல்புக்கு மேல் என்றால் சிகிச்சை. குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோயோ சிரோசிஸோ இருந்தாலும் சிகிச்சை. இவர் இரண்டு கதவுகளிலும் நுழைந்திருப்பார்.

பேஜ்-பி என்ற அபாயக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 30 முதல் 39 வயது வரை 2, ஆண் 6, தட்டணு ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையில் 6. மொத்தம் 14, நடுத்தர அபாயம். மருந்து எடுக்கும் ஐரோப்பிய நோயாளிகளுக்காக உருவானது என்பதால் சிகிச்சையே பெறாதவருக்கு இதை இறுக்கமாகப் பொருத்தக்கூடாது. இந்தக் கணக்கில் குடும்ப வரலாறு இல்லை. வைரஸின் திடீர்மாற்றமும் இல்லை. முன்னது இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. திடீர்மாற்றப் பரிசோதனையை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய இப்போதைக்கு வலுவான காரணம் இல்லை. முடிவெடுக்கத் தேவையான தகவல் பெரும்பாலும் அதற்கு முன்பே கையில் இருக்கும். இவரிடம் எட்டு ஆண்டுகளாக இருந்தது.

ஸ்கேன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. 2004இல் வெளியான ஷாங்காய் ஆய்வில் 18,816 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனும் பார்த்தார்கள். அந்தக் குழுவில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 37 சதவீதம் குறைவு. ஆசிய வம்சாவளி ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும், புற்றுநோய்க் குடும்ப வரலாறு இருந்தால் அதற்கும் முன்பே, சிரோசிஸ் இல்லாவிட்டாலும் தொடங்குவது ஏற்கப்பட்ட நடைமுறை.

பின்தொடர்தல்

ஒன்பதாம் மாதத்தில் வைரஸ் டி.என்.ஏ. கண்டறியும் எல்லைக்குக் கீழே போனது, ஏ.எல்.டி. 24. இருபத்தெட்டாம் மாதம் வழக்கமான ஸ்கேனில் எட்டாம் பகுதியில் 1.4 செ.மீ. முடிச்சு ஒன்று தெரிந்தது. முதல் கட்டியிலிருந்து தொலைவு, இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல். எனவே பழையது திரும்பியதைவிடப் புதிதாக முளைத்தது என்று கொள்வதே பொருத்தம். வெப்பத்தால் எரித்து அழிக்கப்பட்டது. "மாத்திரை ஒரு நாளும் விட்டதில்லையே" என்றார். மாத்திரை தன் வேலையைச் செய்துதான் இருந்தது. அது புதிய பிரதிகளைத் தடுக்கும்; செல் கருவுக்குள் இருக்கும் வைரஸின் வளைய டி.என்.ஏ.வையோ, குரோமோசோமில் செருகிவிட்ட துண்டையோ, ஏற்கனவே கொத்தாக வளர்ந்துவிட்ட செல்களையோ எடுக்காது. அபாயம் குறையும், பூச்சியமாகாது. லாமிவுடினை வைத்து 651 பேரிடம் நடந்த 2004ஆம் ஆண்டு ஆய்விலேயே, முற்றிய இழைநார் வளர்ச்சி உள்ளவர்களில் மருந்து எடுத்தவர்களிடம் புற்றுநோய் 3.9 சதவீதம், எடுக்காதவர்களிடம் 7.4 சதவீதம் என்று இருந்தது.

அவருடைய இரு மகள்களும் பிறந்தவுடன் தடுப்பூசி போட்டவர்கள். இருவருக்கும் ஆன்டிஜன் நெகட்டிவ், பாதுகாக்கும் அளவுக்கு ஆன்டிபாடி இருக்கிறது. மேற்பரப்புப் புரதத்தில் வந்து தடுப்பூசியை ஏய்க்கும் 145ஆம் இடத்து மாற்றம் 1990 முதலே தெரிந்ததுதான். ஆனாலும் 1984இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசியை நோக்கி நகரத் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயதினரின் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து பத்தாண்டுகளுக்குள் 0.36ஆக இறங்கியது.

தம்பிக்கு 41 வயது. இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. நம் நோயாளிதான் கட்டாயப்படுத்தி அழைத்துவந்தார். மேற்பரப்பு ஆன்டிஜன் பாசிட்டிவ், இ-ஆன்டிஜன் நெகட்டிவ், ஏ.எல்.டி. 44, டி.என்.ஏ. 9,800 அலகுகள், தட்டணுக்கள் 2,20,000, எலாஸ்டோகிராபி 6.1, ஸ்கேனில் கட்டி இல்லை. பேஜ்-பி கணக்கில் 10. அன்றே டெனோஃபோவிர் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தோம். அவரது வைரஸின் வரிசையைப் படிக்க அனுப்பவில்லை. என்ன வந்திருந்தாலும் மருந்துச் சீட்டு மாறியிருக்காது.